தோட்டத்துத் திடலும் சூப்பர் லீக்கும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் திருக்குறளின் மேன்மை, தாய்மொழியின் சிறப்பு, நேரத்தின் அருமை என்று கட்டுரைகள் வருவதுதான் வழக்கம். அந்த வரிசையிலே காற்பந்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நம்ம வீடுகளில் காற்பந்துப் பேச்சை எடுத்தால் ஆறுமுகத்தில் ஆரம்பித்து ஆறுமுகத்திலேயே முடித்துவிடுகிறோம். "அந்த மாதிரி ஒரு கோல் கீப்பர் இனிமே பொறந்துதான் வரணும்" என்று ஒரு பெருமூச்சு! அதோடு சரி. நம் இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மடியில் வளர்ந்த ஒரு குழு 2019ஆம் ஆண்டில் நாட்டின் தலையாய லீக்கில், சூப்பர் லீக்கில், ஜொகூர், பகாங், சிலாங்கூர் போன்ற பெரிய கைகளோடு ஒரு முழுப் பருவம் ஆடி நிலைத்து நின்றதே, அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நாலே பருவத்தில் அது மறைந்தும் போனதே, அதாவது தெரியுமா? அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லீக் என்றால் என்ன என்று தாய்மார்களுக்கும் விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். கிண்ண ஆட்டம் கல்யாண விருந்து மாதிரி. ஒரு நாள் கூத்து. அன்றைக்கு அதிர்ஷ்டம் அடித்தால் சின்னக் குழுகூடப் பெரிய குழுவைச் சாய்த்துவிடும். லீக் ஆட்டமோ வீட்டு அடுப்பு மாதிரி. நாள் தவறாமல் எரிய வேண்டும். எல்லாக் குழுக்களும் எல்லாக் குழுக்களோடும் உள்ளூரில் ஒரு தரம், வெளியூரில் ஒரு தரம் ஆட வேண்டும். வெற்றிக்கு இத்தனை புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்று கூட்டிக்கொண்டே போய், மாதக்கணக்கில் ஆடி முடித்த பிறகே யார் முதல், யார் கடைசி என்று தெரியும். ஆகவே லீக்கில் ஆட வேண்டுமானால் பதினோரு பேர் மட்டும் போதாது. மாற்று ஆட்டக்காரர் வேண்டும், சொந்தத் திடல் வேண்டும், பயணச் செலவுக்குப் பணம் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும்.

இந்த முறையை 1888இல் இங்கிலாந்துக்காரர்கள் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1890இல், ஸ்காட்லாந்துக்காரர்களும் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்து நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை, பாருங்கள். நம் தாத்தாமார்கள் "தொரை, தொரை" என்று சலாம் போட்டவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். கத்ரி கம்பெனியை 1821இல் சிங்கப்பூரில் நிறுவிய அலெக்சாண்டர் கத்ரி ஒரு ஸ்காட்லாந்துக்காரர். காஜாங் பக்கம் ரப்பர் பயிரில் முன்னோடியாக இருந்த இன்ச் கென்னத் தோட்டத்தின் பெயரே ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் உள்ள ஒரு சின்னத் தீவின் பெயர்தான். அந்தப் பெயரை நம்ம ஆட்கள் வாயில் எப்படிப் புரட்டினார்களோ!

அவர்களுடைய முதல் லீக் பருவம் 1890-91. சேர்ந்தவை பதினோரு குழுக்கள். அவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கௌலேர்ஸ் என்ற குழு கிளாஸ்கோ நகரத்து ரயில் பட்டறைத் தொழிலாளர்களின் குழு. அப்படியே நம்ம செந்தூல் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். ரென்டன், வேல் ஆப் லெவன், டம்பார்டன் ஆகிய மூன்றும் லெவன் என்ற ஒரே ஆற்றங்கரையைச் சேர்ந்த ஊர்கள். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சாயப் பட்டறைகள். அங்கே சாயம் ஏறிய சிவப்புத் துணி கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போனது. சாயத்தில் கை சிவந்த பையன்கள் வேலை முடிந்த பிறகு ஆடிய ஆட்டம், அவர்களை நாட்டின் தலையாய லீக்குக்குக் கொண்டுவந்துவிட்டது.

பதினோராவது குழுவைப் பற்றித்தான் இந்தப் பள்ளிக்கூட மலரில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் செல்டிக். அயர்லாந்தில் பஞ்சம் பிழைக்க முடியாமல் கப்பலேறி, கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் கூலி வேலைக்கு வந்து குவிந்த மக்களின் குழு. 1887 நவம்பரில் அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர்! வால்ஃபிரிட் என்ற துறவி அவர். பட்டினியோடு பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போடப் பணம் வேண்டும். ஆட்டம் வைத்தால் சனங்கள் நுழைவுக் கட்டணம் கொடுப்பார்கள். அந்தக் காசில் சோறு போடலாம். இதுதான் அவர் போட்ட கணக்கு. பிழைக்க வந்தவர்களின் பிள்ளைச் சோற்றுக்காகப் பிறந்த குழு, மூன்றே ஆண்டில் முதல் லீக்கில் இடம் பிடித்தது.

அந்த முதல் பருவம் ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஆடுவது அப்போது அங்கே குற்றம். அதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு குழுவோடு ஆடிய பாவத்துக்காக ரென்டன் குழுவை நடுவிலேயே விலக்கிவிட்டார்கள். மீதி பத்துக் குழுக்கள் ஆளுக்குப் பதினெட்டு ஆட்டம் ஆடின. தகுதி பெறாத ஆட்டக்காரரைக் களத்தில் இறக்கியதற்காகச் செல்டிக் குழுவுக்கு நான்கு புள்ளி போயிற்று. அப்படியும் 21 புள்ளியோடு மூன்றாவது இடம். டம்பார்டனும் ரேஞ்சர்சும் ஆளுக்கு 29 புள்ளி. சரி, ஒரு ஆட்டம் வைத்துத் தீர்த்துக்கொள்வோம் என்று 1891 மே 21ஆம் தேதி மோதவிட்டால் அதுவும் 2-2! கடைசியில் பட்டத்தை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். நூற்றாண்டு கடந்த பிறகும் இங்கே கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு புள்ளிக் கணக்கு பிசகாமல் நான் இதை எழுத முடிகிறது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பி வருகிறேன்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

இங்கே லீக் வருவதற்கு வெகுகாலம் முன்பே கிண்ணம் வந்துவிட்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் செலவில் கட்டி ஆங்கிலேயருக்குக் கொடுத்த போர்க்கப்பல் 'எச்.எம்.எஸ். மலாயா'. 1921இல் அது இங்கே வந்து போனதன் நினைவாகக் கப்பல்காரர்கள் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். கப்பல் கட்டிய பணம் ஈயமும் ரப்பரும் ஈன்ற வருமானம். அதாவது அந்தக் கிண்ணத்தில் நம் பாட்டன் பாட்டியின் வேர்வையும் ஒரு துளி உண்டு என்றால் மிகையாகாது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டது. அந்த மலாயாக் கிண்ணம்தான் பிற்பாடு மலேசியக் கிண்ணம் ஆயிற்று.

ஆனால் அது மாநிலங்களின் ஆட்டம். தோட்டத்துப் பையன் எவ்வளவுதான் கெட்டிக்காரனாக இருந்தாலும் தோட்டக் குழுவிலிருந்து வட்டாரக் குழுவுக்கும், அங்கிருந்து மாநிலத் தேர்வுக்கும் யாராவது கை பிடித்துக் கூட்டிப்போனால்தான் உண்டு. நகரத்தில் இருந்தவர்களுக்கு வசதி கொஞ்சம் கூடுதல். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் செந்தூலிலும் இருந்த குமாஸ்தா, பட்டறைக்காரர் பிள்ளைகளுக்குச் சங்கங்கள் இருந்தன. டி.பி.சி.ஏ. என்று எல்லாரும் சொல்லும் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் போருக்கு முந்தியே கோலாலம்பூரில் வேர்விட்டது. தோட்டத்திலோ சங்கம் என்று பலகை எதுவும் கிடையாது. பெரட்டுக் களத்துக்குப் பக்கத்திலோ கோயிலுக்கு முன்னாலோ ஒரு திடல்; இரண்டு பக்கமும் நட்ட கம்பு; வெறுங்கால். காலையில் மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் பந்துதான். பண்டிகை வந்தால் பக்கத்துத் தோட்டத்தோடு எழுவர் ஆட்டம். கிராணி வீட்டுப் பையனும் லயத்துப் பையனும் தோளோடு தோள் மோதிக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அந்தத் திடல் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்துக் கிள்ளான் வட்டாரம் தந்த பிள்ளைதான் ஆர். ஆறுமுகம். 1970களின் தொடக்கத்தில் சிலாங்கூரின் கோலைக் காக்க வந்தார். நீண்ட கைகள், பந்து எந்த மூலைக்குப் போனாலும் அங்கே ஒரு கை வந்துவிடும். அதனால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். 1980 ஏப்ரல் 6ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதே, அன்றைக்குக் கோல் கம்பத்தின் கீழே நின்றவர் அவர்தான். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் நம் நாடு மாஸ்கோவைப் புறக்கணித்தது. ஆட்டக்காரர்கள் போகவே இல்லை. 2016இல் வந்த 'ஓலா போலா' படத்தில் முத்து என்ற கோல் காவலர் வருகிறாரே, அந்தப் பாத்திரத்தைப் பார்த்த பெரியவர்கள் கண் கலங்கியதற்குக் காரணம் இதுதான்.

லீக் முறை இங்கே மெல்ல மெல்லத்தான் வந்தது. 1979இல் மலேசியக் கிண்ணத்துக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்று லீக் மாதிரி ஆக்கப்பட்டது. 1982 முதல் அதில் முதலிடம் பிடித்தவர்களுக்குத் தனிப் பட்டம். 1989இல் இரண்டு டிவிஷன்களோடு 'செமி-புரோ' லீக். ஆட்டக்காரர்களுக்கு ஆட்டமும் ஒரு தொழிலாக மாறத் தொடங்கிய காலம் அது. முதல் பருவத்தின் வெற்றியாளர் சிலாங்கூர். ஆறுமுகம் அதைப் பார்க்கவில்லை. 1988 டிசம்பரில் ஒரு கார் விபத்தில், முப்பத்தைந்தாவது வயதில், போய்விட்டார்.

ஆட்டக்காரனுக்குச் சம்பளம் வந்த அதே காலத்தில்தான் பாருங்கள், தோட்டங்கள் போகத் தொடங்கின. இது புதுசும் இல்லை. பெட்டாலிங் ஜெயா என்று இன்று மாடி மாடியாக நிற்கிற ஊரே எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டமாக இருந்ததுதான். 1950களின் தொடக்கத்தில் மரத்தை வெட்டி வீடு கட்டினார்கள். சீபீல்ட் தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயா ஆயிற்று. புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தேசிய அரங்கம் எழும்பியது. தோட்டம் போனபோது வீட்டுக்கு நஷ்டஈடு கேட்டோம், கோயிலுக்கு இடம் கேட்டோம், பள்ளிக்கூடத்துக்கு நிலம் கேட்டோம். எல்லாம் நியாயமான கோரிக்கைதான். திடலைக் கேட்டவர்கள் மட்டும் குறைவு. அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே கார் நிற்கத்தான் இடம். பந்து உருள இடம் ஏது?

புக்கிட் ஜாலிலைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2010 டிசம்பர் 26ஆம் தேதி அந்த அரங்கில் மலேசியா 3-0 என்று இந்தோனேசியாவை வென்றது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தத்தில் 4-2 என்ற கணக்கில் தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணம் முதன்முறையாக நம் நாட்டுக்கு வந்தது. பயிற்றுநர், ஒரு காலத்தில் சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபால். குழுவில் எஸ். குணாளன், கே. குருசாமி. நம் ஆட்கள் பால்மரம் சீவிய மண்ணின் மேலே இது நடந்தது. அன்று அரங்கில் கூச்சல் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

இப்போது முதலில் தொட்ட கதைக்கு வருகிறேன். தனித்தனி ஆளாக நம்மவர் மாநிலக் குழுவுக்கும் தேசியக் குழுவுக்கும் போனது உண்டு. நம் சமூகத்தின் கையில் ஒரு லீக் குழு இருந்ததில்லை. மீபா எனப்படும் மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தார் அந்தக் குறையைத் தீர்க்க இறங்கினார்கள். இந்திய விளையாட்டு மன்றத்தின் பெயரையும் சேர்த்து 'எம்.ஐ.எஸ்.சி.-மீபா' என்று குழு அமைத்தார்கள். 2016இல் அடிமட்டமான எப்.ஏ.எம். லீக், 2017இல் பிரிமியர் லீக், 2018 பருவம் முடிந்ததும் சூப்பர் லீக்குக்கு ஏற்றம். ஏணியில் ஒரு படிகூடத் தாண்டிக் குதிக்கவில்லை, ஒவ்வொன்றாக ஏறினார்கள். இதைச் செய்த பயிற்றுநர் கே. தேவன்.

மேலே போனதும் பெயர் மாறிற்று: பெட்டாலிங் ஜெயா சிட்டி. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் நகரத்தின் பெயரைத் தாங்கினால்தான் நகரத்து மக்கள் எல்லாரும் அரங்குக்கு வருவார்கள். மலாய்க்காரர், இந்தியர், வெளிநாட்டார் என்று எல்லாரும் கலந்து ஆடிய குழு அது. செல்டிக் குழுவும் அயர்லாந்துக்காரன்தான் ஆட வேண்டும் என்று வேலி போட்டுக்கொள்ளவில்லை. தவிர, அந்த நகரமே எஃபிங்ஹாம் தோட்டம்தானே!

2019 பருவம் பிப்ரவரியில் தொடங்கி ஜூலையில் முடிந்தது. பன்னிரண்டு குழுக்கள், ஆளுக்கு 22 ஆட்டம். சொந்தத் திடல் கிளானா ஜெயாவில் உள்ள நகராண்மை அரங்கம். கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் அந்த ஆண்டு நான்கு குழுக்கள்: சிலாங்கூர், பி.கே.என்.எஸ்., கோலாலம்பூர், நம் பெட்டாலிங் ஜெயா சிட்டி. புதிதாக மேலே வந்த குழு ஒரே பருவத்தில் கீழே விழுவதுதான் உலக வழக்கம். விழவில்லை! பருவம் முடிந்தபோது கடைசி இடத்தில் இருந்து கீழே இறங்கியது பாரம்பரியம் மிக்க கோலாலம்பூர். 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்ற கோலாலம்பூர்! பி.கே.என்.எஸ். சிலாங்கூரின் இரண்டாம் குழுவாகக் கரைந்துவிட்டது. நான்கு பேரில் அடுத்த ஆண்டும் சூப்பர் லீக்கில் நின்றவை இரண்டே: சிலாங்கூரும் நம் குழுவும். இந்த ஒரு வரிக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

2020இல் கொரோனா நோய் வந்து பருவத்தைப் பாதியாக வெட்டியது. ஆளுக்குப் பதினொரு ஆட்டம்தான். 2021இல் பி. மணியம் பயிற்றுநராக இருக்க, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நம்பாமல் உள்நாட்டு இளைஞர்களைக் கொண்டே ஆடினார்கள். குருசாமி, ஆர். கோகிலேஸ்வரன், வி. ருவெந்திரன் என்று நம் பிள்ளைகளின் பெயர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தன. 2022 பருவம் முடிந்ததும் குழுவை நடத்திய நிறுவனம் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. நாலு பருவம். அடுப்பு அணைந்தது.

யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. லீக் குழு நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுவது போல. வெளியே இருந்து பேசுவது சுலபம். ஸ்காட்லாந்தின் அந்தப் பதினோரு குழுக்களிலும் பாதிக்கு மேல் இன்று பழைய உருவில் இல்லை. ரயில் பட்டறைக் குழு ஐந்தாறு ஆண்டு தாங்கியது. ரென்டன் 1897இல் லீக்கை விட்டுப் போயிற்று. சாயப் பட்டறை ஊர்களில் டம்பார்டன் மட்டும் தப்பிப் பிழைத்தது. தொழிலாளர் குழுக்கள் அழிவது எங்கேயும் நடப்பதுதான். ஆனால் அழிந்த அந்தக் குழுக்களின் ஆட்டக்காரர் பெயர், புள்ளி, தேதி எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அதனால்தான் 1891 மே 21ஆம் தேதி என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. 1961இல் நம் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடந்த பொங்கல் ஆட்டத்தில் யார் கோல் போட்டது? உங்களில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்! தோட்ட அலுவலகத்தில் எத்தனை பவுண்டு பால் நிறுத்தது என்று பேரேடு இருந்தது. எத்தனை கோல் போட்டோம் என்பதற்குப் பேரேடு இல்லை.

ஆகவே பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில், டிரங்குப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால், தோட்டக் குழுவின் பழைய படம் ஏதாவது இருக்கும். பத்துப் பதினோரு பேர் கை கட்டி நிற்பார்கள். முன்னால் ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். அதைப் பரிசளிப்பு விழாவுக்கு வரும்போது எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடலாம். வருவதற்கு முன்னால் அந்தப் படத்தில் நிற்பவர்களின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு, யார் எந்த இடத்தில் ஆடினார் என்பதைத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பின்பக்கம் எழுதிவிடுங்கள். மாணவர்களே, அந்த எழுத்து வேலை உங்களுடையது. பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.